மாமாவின் ஜிமெயில் கணக்கு திரும்பக் கிடைத்தது, ஆனால் மெயில் வரவில்லை!

வணக்கம் மக்களே! இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் வீடியோ அடுத்த வாரம்தான். இன்றைக்கு இதைச் சொல்லாமல் எனக்கு அடுப்புப் பக்கமே போக மனசில்லை.

வேலூர் காந்தி ரோடு பக்கம் லாட்ஜ் நடத்துகிறாரே என் மாமா, பொங்கல் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்க கொல்கத்தா, அசாமிலிருந்து வருகிறவர்கள் அவரிடம் ஜிமெயிலில்தான் ரூம் கேட்பார்கள். அந்த மெயிலை எவனோ ஹேக் செய்து, அட்வான்ஸை வேறு நம்பருக்கு அனுப்பச் சொல்லி எல்லோருக்கும் எழுதியிருக்கிறான். நோயாளியைக் கூட்டிக்கொண்டு ரயிலேறுகிறவர்களிடம் போய் இந்த வேலை! வயிறு எரிகிறது.

ஒரு கடையில் மீட்டுத் தர 3,000 ரூபாய் கேட்டார்கள். மூவாயிரம்! கூகுள் இதற்கு ஒரு பைசா வாங்குவதில்லை. காசுக்கு மீட்டுத் தரும் ஏஜென்ட் யாரையும் கூகுள் வைத்திருக்கவும் இல்லை. பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

நாங்கள் கணக்கை மீட்பதற்கான கூகுளின் ரெக்கவரி பக்கத்தில் போனோம். கணக்கை மீட்கக் கொடுத்து வைத்திருந்த போன் நம்பரையும் திருடன் மாற்றியிருந்தான். ஆனால் மாற்றிய பிறகும் 7 நாள் வரை பழைய நம்பருக்குக் கோடு (ரகசிய எண்) அனுப்ப கூகுள் வழி விடுவதுண்டு. அப்படித்தான் கிடைத்தது. இருங்கள், முக்கியமானதை விட்டுவிட்டேன்: லாட்ஜ் வரவேற்பு மேஜையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில், அங்கே உள்ள வைஃபையில்தான் செய்தோம். வழக்கமாகத் திறக்கும் இடமும் கருவியும் என்றால் கூகுள் நம்புவது சுலபம்.

பாஸ்வேர்டு மாற்றி, தெரியாத கருவிகளையெல்லாம் வெளியேற்றியாச்சு. ஆனால் புக்கிங் மெயில் ஒன்றுகூட வரவில்லை! நானே ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தேன், இன்பாக்ஸில் காணோம். போனில் எவ்வளவு துழாவினாலும் தெரியாது, ஏனென்றால் வரும் மெயிலைத் தானாகப் பிரித்து அனுப்பும் ஃபில்டருக்கு ஜிமெயில் ஆப்பில் பக்கமே இல்லை. கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ் திறந்து பார்த்தால், அங்கே உட்கார்ந்திருக்கிறது! 'ரூம்', 'அட்வான்ஸ்' என்று ஆங்கிலத்தில் வரும் எந்த மெயிலும் நேரே டிராஷுக்குப் போகும்படி ஒரு ஃபில்டர். யாராவது "பணம் அனுப்பிவிட்டேன்" என்று எழுதினால் மாமா கண்ணில் படக்கூடாதாம். பக்கத்திலேயே, வரும் மெயிலை வேறு முகவரிக்குத் தள்ளிவிடும் ஃபார்வர்டிங்கில் யாரோ ஒருவருடைய முகவரி வேறு. இரண்டையும் அழித்தேன். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! டிராஷில் 30 நாள் வரை மெயில் இருக்கும் என்பதால், போன புக்கிங்குகளையும் அள்ளிக்கொண்டு வந்தோம். மாமா ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுப் பேசினார்.

அப்புறம் டூ ஸ்டெப் போட்டோம், அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு கோடும் கேட்கும் பூட்டு. எனக்கு எஸ்.எம்.எஸ். கோடு பிடிக்காது, சிம்மை ஏமாற்றி வாங்கிவிட்டால் அதுவும் போச்சு. போனிலேயே கோடு காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப்தான் எனக்கு நம்பிக்கை. போன் கையில் இல்லாதபோது உதவும் 10 பேக்கப் கோடுகளையும் அச்செடுத்து, லாட்ஜ் லைசென்ஸ் இருக்கும் ஃபைலில் வைத்தாச்சு.

அய்யோ, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்: யாராவது பணம் அனுப்பியிருந்தால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு உடனே போன் போடச் சொல்லுங்கள். பணம் கை மாறுவதற்குள் சொன்னால்தான் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு. பணம் கட்டிய சிலிகுரி குடும்பத்தை மாமா அப்படித்தான் கூப்பிடச் சொன்னார், புகார் எண்ணும் வாங்கிவிட்டார்கள். அவர்களுக்கான ரூமை மாமா யாருக்கும் கொடுக்கவில்லை.