முதலில் இறங்கி வர வேண்டியவர் மூத்தவரே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, இளைஞர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"வேலை பார்க்கும் இடத்தில் தலைமுறைகள் ஒத்துப்போக, முதலில் இறங்கி வர வேண்டியவர் மூத்தவரா, இளையவரா?" இதுதான் இன்றைய கேள்வி. மூத்தவர்தான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கும் தலை நரைத்துவிட்டது. என் வயதுக்காரர்களைப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

எதிரணித் தலைவர் நன்றாகப் பேசினார். "புதிதாக வருகிறவர்தான் இடத்துக்குத் தகுந்தபடி மாற வேண்டும். முப்பது வருஷம் உழைத்தவர், நேற்று வந்தவருக்காக ஏன் மாறணும்?" என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுவர் அவர்களே, விடுப்புக்குக் கையெழுத்துப் போடுபவர் யார்? வருஷக் கடைசியில் "இவர் எப்படி வேலை செய்தார்" என்று எழுதுபவர் யார்? கூட்டத்தில் எதைப் பேசலாம், எதை அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம் என்று முடிவு செய்பவர் யார்? பெரும்பாலும் மூத்தவர்தான். சம்பள உயர்வைக் கையில் வைத்திருக்கும் ஒருவரிடம் போய், "சார், இது எனக்குப் புரியல" என்று சொல்வதற்கே அந்தப் பிள்ளைக்குத் துணிச்சல் வேண்டியிருக்கிறது. அது மட்டுமா? நாமெல்லாம் ஒரு காலத்தில் இருபத்து மூன்று வயதில் இருந்தவர்கள். அந்தப் பிள்ளை இன்னும் ஐம்பது வயதில் இருந்து பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் தெரிந்தவர் முதலில் பேசுவதுதானே முறை?

நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு அலுவலகம். மாதக் கடைசி அறிக்கைக்கு ஒரு எக்செல் தாள். அதில் பதினான்காவது வரிசையை எப்போதும் காலியாக விட வேண்டும். புதிதாகச் சேர்ந்த பெண், "ஏன் சார் அந்த வரிசையை விடறோம்?" என்று கேட்டார். "எப்பவும் அப்படித்தாம்மா, சொன்னதைச் செய்" என்று பதில் வந்தது. அன்றோடு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, கொடுத்த வேலையை முடித்துவிட்டுப் போவார். "இந்தக் காலத்துப் பிள்ளைங்க யார்கிட்டயும் முகம் கொடுத்துப் பேசறதில்ல" என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

சில மாதம் கழித்து வேறொரு மூத்தவர் அந்தப் பெண்ணின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்த வரிசையில எதையாவது எழுதினா, கணக்குப் பிரிவில இருந்த மென்பொருள் இந்தக் கோப்பை ஏத்துக்காதும்மா. அதனாலதான் விட்டோம். அந்த மென்பொருள் இப்ப இருக்கான்னு எனக்கே தெரியல. வா, போய்க் கேப்போம்" என்றார். கேட்டார்கள். அதைத் தூக்கிப் போட்டே பல வருஷம் ஆகியிருந்தது! அந்த வாரமே அந்தப் பெண், அறிக்கை தானாகவே தயாராகும்படி செய்து கொடுத்துவிட்டார். அவருக்கு அந்தத் திறமை சேர்ந்த நாளிலிருந்தே இருந்தது. அது வெளியே வர, பெரியவர் ஒருவர் "எனக்கே தெரியல" என்று சொல்ல வேண்டியிருந்தது.

"இது சின்ன அலுவலகக் கதை" என்று எதிரணி சொல்லலாம். சரி, நிலவுக்கே போவோம். 1969 ஜூலை 20. அப்பல்லோ 11 இறங்கிக்கொண்டிருக்கிறது. கணினி '1202' என்று எச்சரிக்கை காட்டுகிறது. என்னவென்று ஆர்ம்ஸ்ட்ராங் கேட்கிறார். பூமியில், கட்டுப்பாட்டு அறையில் முடிவெடுக்கும் பொறுப்பு ஜீன் கிரான்ஸ் கையில். வயது 35. அவர் நம்பியது ஸ்டீவ் பேல்ஸ் என்ற 26 வயதுக்காரரின் வார்த்தையை. பேல்ஸ் நம்பியது, பின்னறையில் இருந்த ஜாக் கார்மன் என்ற 24 வயதுக்காரரின் வார்த்தையை. "திரும்பத் திரும்ப வராதவரை பயமில்லை, தொடரலாம்" என்று கார்மன் சொன்னார். ஈகிள் என்ற அந்த இறங்குகலம் நிலவில் இறங்கியது.

அந்த நம்பிக்கை ஒரு நொடியில் வந்துவிடவில்லை. சில நாட்களுக்கு முன் நடந்த ஒத்திகையில் இதே மாதிரி ஓர் எச்சரிக்கை வந்தது. பேல்ஸ் தரையிறக்கத்தை நிறுத்தச் சொன்னார். நிறுத்தியிருக்கவே வேண்டாம் என்பது பிறகு தெரிந்தது. "இவன் சின்னப் பையன், இவனை மாற்று" என்று கிரான்ஸ் சொல்லவில்லை. எந்தெந்த எச்சரிக்கைக்கு என்ன செய்வது என்று முழுவதுமாக எழுதி வைக்கச் சொன்னார். கார்மன் கைப்பட எழுதிய அந்தப் பட்டியல்தான் அன்று மேசையில் இருந்தது. 35 வயதெல்லாம் ஒரு மூப்பா என்று கேட்பீர்கள். தப்பு செய்த இளையவரை நீக்குவதா, வளர்ப்பதா என்று தீர்மானிக்கும் இடத்தில் இருந்தவர் அவர்தானே?

மூத்தவரின் அறிவைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த அறிவு வீணாகிறதே என்பதுதான் என் ஆதங்கம். அமெரிக்காவில் அணு ஆயுதத்துக்குள் வைக்கும் 'ஃபாக்பேங்க்' என்று ஒரு பொருள். 1975 முதல் 1989 வரை தயாரித்தார்கள். 2000க்குப் பிறகு மறுபடி தேவைப்பட்டபோது, செய்யத் தெரிந்தவர்கள் அநேகமாக எல்லோரும் ஓய்வு பெற்றோ விலகியோ போய்விட்டார்கள். எழுதி வைத்த குறிப்புகளும் போதவில்லை. சிக்கலைச் சரிசெய்யவே 6 கோடியே 90 லட்சம் டாலர் ஆனது, வேலையும் தள்ளிப்போனது. அதைவிட முக்கியமானது, கடைசியில் தெரிய வந்த காரணம். பழைய முறையில் மூலப்பொருளில் ஒரு கலப்படம் தானாகவே சேர்ந்திருந்தது. அந்தக் கலப்படம் இருந்தால்தான் பொருள் சரியாக வரும். புதிய முறை அதைச் சுத்தமாக நீக்கிவிட்டது. அப்படி ஒன்று இருப்பது பழைய ஆட்களுக்கே தெரியாது! பல வருஷ அனுபவம் கையில் இருந்தும், அதில் எது முக்கியம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. நமக்கும் அப்படித்தான். நமக்கு என்னவெல்லாம் தெரியும் என்று நமக்கே தெரிய வேண்டுமானால், பக்கத்தில் ஒருவர் "ஏன்?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவர் வாயை நாமே அடைத்துவிட்டு, "இவங்களுக்கு ஆர்வமே இல்ல" என்று எப்படிக் குறை சொல்வது?

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர், "இந்தத் தலைமுறையே அப்படி, எதிலும் நிலைக்க மாட்டார்கள்" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். பிறந்த வருஷத்தை வைத்து ஊழியர்களைப் பிரித்து நடத்துவதற்கு ஆய்வுகளில் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2020 அறிக்கை சொல்கிறது. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

ஐம்பது வயதில் போய்ப் புதுசாகக் கற்க முடியுமா என்றும் கேட்டார்கள். 1999இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத் தலைவர் ஜாக் வெல்ச், தன் உயர் அதிகாரிகள் சுமார் 500 பேரை, இளைய ஊழியர்களிடம் உட்கார்ந்து இணையம் கற்றுக்கொள்ளச் சொன்னார். யோசித்துப் பாருங்கள், ஒரு புது ஊழியர் நேரே உயர் அதிகாரியின் அறைக்குப் போய், "வாங்க, உங்களுக்கு நான் சொல்லித் தர்றேன்" என்று ஆரம்பித்திருக்க முடியுமா?

இளையவருக்குக் கடமையே இல்லையா? இருக்கிறது. நேரத்துக்கு வர வேண்டும், சொன்னதை முடிக்க வேண்டும், பெரியவர் பேசும்போது போனைக் கீழே வைக்க வேண்டும். ஆனால் இன்றைய கேள்வி, முதலில் யார் என்பது. முதலில் செய்ய வேண்டியது பெரிய தியாகம் ஒன்றும் கிடையாது. இரவு பத்து மணிக்கு "நாளை காலை என்னை வந்து பார்" என்று மட்டும் ஒரு செய்தி அனுப்புகிறோம். அந்தப் பிள்ளை விடிய விடியத் தூங்குவதில்லை. "விலைப்பட்டியல் பற்றிக் கொஞ்சம் பேசணும்" என்று சேர்த்து எழுத நமக்கு எவ்வளவு நேரமாகும்?

நடுவர் அவர்களே, எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும். உங்கள் அலுவலகத்தில் வயதில் மிகச் சிறியவர் கூட்டத்தில் எழுந்து, "இது சரியா வராது" என்று சொன்னால், மறுநாளும் அவரால் நிம்மதியாக வேலைக்கு வர முடியுமா? முடியும் என்றால், அந்த இடத்தை அப்படி ஆக்கி வைத்தவர் யார் என்பதையும் சேர்த்தே சொல்லட்டும். தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன். நன்றி, வணக்கம்.