212 பேர் பார்த்த காற்றாடி

அனைவருக்கும் வணக்கம். உள்ளே வரும்போது வாசலில் ஒரு மாணவி என்னை நிறுத்தித் தன் போனை நீட்டினார். பனையோலையில் காற்றாடி செய்யும் 40 விநாடி வீடியோ. "சார், மூணு நாள் உட்கார்ந்து எடுத்தேன். 212 வியூஸோட நின்னுடுச்சு. என்னை ஷேடோ பேன் பண்ணிட்டாங்களா? டெலீட் பண்ணிடட்டுமா?" என்று கேட்டார். ஷேடோ பேன் என்றால், நம்மிடம் சொல்லாமலே நம் வீடியோவைப் பிறர் கண்ணில் படாமல் செய்துவிடுவது. எழுதிக்கொண்டு வந்த தாள்களை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். இன்று அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

ஒரு ரீல் போட்டதும் அது ஊர் முழுக்கப் போய்விடுவதில்லை. இன்ஸ்டாகிராம் நிறுவனமே 2024-இல் இதை விளக்கியிருக்கிறது. இவர்களுக்குப் பிடிக்கலாம் என்று கணித்து முதலில் ஒரு சிறு கூட்டத்துக்குக் காட்டுகிறார்கள். அவர்கள் உங்களைப் பின்தொடர வேண்டும் என்பதில்லை. அவர்கள் நின்று பார்த்தால் கொஞ்சம் பெரிய கூட்டம். அங்கேயும் தேறினால் இன்னும் பெரியது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது போலத்தான். ஆனால் சோறு ஒரே உலையில் வெந்தது. மனிதர்கள் அப்படியா? அந்த முதல் கூட்டத்தில் யார் பஸ்ஸுக்காக ஓடிக்கொண்டிருந்தார், யார் தூக்கக் கலக்கத்தில் விரலைத் தள்ளினார் என்று யாருக்குத் தெரியும்?

சரி, எதை வைத்துத் தேறியது என்கிறார்கள்? 2012 வரை யூடியூப் பெரும்பாலும் கிளிக்கைத்தான் எண்ணியது. விளைவு, முகப்புப் படத்தில் ஒன்று, உள்ளே வேறொன்று. அந்த ஆண்டு அதை மாற்றி, எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதற்கு முதலிடம் கொடுத்தார்கள். டிக்டாக் 2020-இல் தன் முறையை வெளியிட்டபோதும் இதையே சொன்னது: சற்று நீளமான வீடியோவை ஒருவர் கடைசிவரை பார்த்தால் அது வலுவான அறிகுறி; பார்ப்பவரும் போட்டவரும் ஒரே நாட்டுக்காரர்கள் என்பது பலவீனமான அறிகுறி. யாருக்கு எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் கணினி முறைதான் அல்காரிதம்; அதற்குக் காற்றாடி அழகா என்று தெரியாது. உங்கள் கட்டைவிரல் எத்தனை விநாடி அசையாமல் இருந்தது என்பது தெரியும்.

இது தெரிந்தவர்கள் என்ன செய்கிறார்கள் பாருங்கள். திரையில் ஐந்து வரி எழுத்தைப் போட்டு, படித்து முடிப்பதற்குள் எடுத்துவிடுகிறார்கள். நாம் மறுபடி ஓட்டுகிறோம். சமையலில் வேண்டுமென்றே ஒரு தப்பு செய்கிறார்கள். திருத்துவதற்காக ஆயிரம் பேர் கமென்ட் போடுகிறார்கள். முடிவும் தொடக்கமும் ஒட்டிக்கொள்ளும்படி வெட்டி, இரண்டாம் முறை ஓடுவதே தெரியாமல் செய்கிறார்கள். ஹேஷ்டேக் பற்றி என்னிடம் நிறையப் பேர் கேட்பதுண்டு. இதன் முன்னால் அதெல்லாம் சின்ன விஷயம்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறு. இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் மூன்று அளவுகோல்களைச் சொன்னார்: பார்க்கும் நேரம், லைக், பிறருக்கு அனுப்புவது. பின்தொடராத புதியவர்களிடம் வீடியோ போய்ச் சேர, லைக்கைவிட அனுப்புவதுதான் அதிகம் உதவும் என்றார். ஒரு பெண்ணைக் கேவலமாகப் பேசும் வீடியோ வருகிறது. நமக்குக் கோபம். "எவ்வளவு மோசம் பாருங்க" என்று நண்பருக்கு அனுப்புகிறோம். நம் கோபம் நண்பருக்குப் புரியும். எண்ணுகிற இடத்தில் அது இன்னொரு ஷேர். நாம் கண்டிப்பதாக நினைத்துச் செய்த வேலை, அந்த வீடியோவை ஆயிரம் வீடுகளுக்குத் தள்ளிவிட்டிருக்கும்.

நம் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக்கைத் தடை செய்யச் சொல்லி, அதே மாதம் அந்தத் தடையை விலக்கியது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளோடு அது போய்விட்டது. அடுத்த மாதமே ரீல்ஸ் வந்தது. செப்டம்பரில் ஷார்ட்ஸ், யூடியூப் அதை முதலில் சோதித்துப் பார்த்ததே இந்தியாவில்தான். செயலி போனது, பழக்கம் தங்கிவிட்டது.

இனி அதிர்ஷ்டத்துக்கு வருகிறேன். 2006-இல் சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாட்டுகள்; 14,000-க்கும் மேற்பட்ட கேட்பவர்கள். ஒரு கூட்டத்துக்கு மற்றவர்கள் எந்தப் பாட்டை எத்தனை முறை டவுன்லோட் செய்தார்கள் என்று காட்டவில்லை. வேறு எட்டுக் கூட்டங்களுக்கு அந்தந்தக் கூட்டத்தின் எண்ணிக்கையைக் காட்டினார்கள். மேலே வந்த பாட்டுகள் கூட்டத்துக்குக் கூட்டம் மாறின. எண்ணிக்கை தெரியாதவர்களிடம் 26-ஆம் இடம் பெற்ற ஒரு பாட்டு, ஒரு கூட்டத்தில் முதலிடம். இன்னொன்றில் 40-ஆம் இடம். அதே பாட்டு, அதே குரல்! மிக நல்லவை அரிதாகவே அடிபட்டன, மிக மோசமானவை அரிதாகவே ஜெயித்தன. நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம். நம்மில் பெரும்பாலோர் எடுக்கும் வீடியோ அந்த நடுவில்தான் இருக்கிறது.

வியூஸ் என்ற அந்த எண்ணுக்கே நிலையான பொருள் கிடையாது. 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே யூடியூப் அதை ஒரு வியூ என்று எண்ணுகிறது. அதற்கு முன் அப்படி இல்லை. முந்தின நாள் 212 என்பதும் மறுநாள் 212 என்பதும் ஒன்றல்ல. இதைப் பரீட்சை மார்க் போல நினைத்து இரவெல்லாம் அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அம்மா, நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாய்? ஆங், அங்கே. உன்னை யாரும் தடை செய்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. முதல் நான்கு விநாடி உன் சேனல் பெயர் சுற்றிக்கொண்டு வருகிறது பார், அதை எடுத்துவிடு. காற்றாடி சுழல்வதை முன்னால் வை. ஓலையை மடிக்கும்போது உன் விரல் நடுங்குகிறதே, அதை வெட்டாதே. டெலீட் பண்ணாதேம்மா. கூட்டம் முடிந்ததும் எனக்கு அதை அனுப்பு. என் பேத்திக்குக் காட்ட வேண்டும், ஓலையை எந்தப் பக்கம் மடிப்பது என்று எனக்கே மறந்துவிட்டது.