மகன் கும்பலில் சேர்ந்துவிட்டானா? கிள்ளான் தாயாருக்கு ஒரு பதில்

மலேசியாவின் கிள்ளான் நகரிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: "மகன் இடைநிலைப்பள்ளியில் படிவம் 2 படிக்கிறான். நோட்டுப் புத்தகத்தின் ஓரமெல்லாம் 04 என்று எழுதி வைத்திருக்கிறான். குண்டர் கும்பலில் சேர்ந்துவிட்டானா? எப்படித் தெரிந்துகொள்வது?" இதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

அம்மா, 04 என்பது ஒரு கும்பலின் அடையாள எண்தான். ஆனாலும் அந்த எண்ணை எழுதுகிற பையன்கள் எல்லோரும் கும்பலில் இல்லை. பலர் பயத்தில் எழுதுகிறார்கள். தனக்கும் ஆள் இருக்கிறது என்று காட்டிக்கொள்ள. ஆனால் முன்பின் தெரியாத ஒருவரின் இறுதி ஊர்வலத்துக்கு எண் அச்சிட்ட சட்டையோடு போகிறானா? நீங்கள் வாங்கித் தராத கைப்பேசி கையில் இருக்கிறதா? "அண்ணன் கூப்பிடுகிறார்" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போகிறானா? அந்த அண்ணன் யார் என்று பாருங்கள்.

வழக்கமாகப் பார்ப்பவர்களுக்குத் தெரியும், நான் எப்போதும் பதின்மூன்று வயதைப் பற்றித்தான் பேசுவேன். எல்லா ஆசிரியருக்கும் தன் பெயர் தெரிந்த சிறிய தமிழ்ப்பள்ளியை விட்டு, ஒருவருக்கும் தன்னைத் தெரியாத பெரிய இடைநிலைப்பள்ளிக்குப் பிள்ளை போகிற வயது அது. நான் ஆலோசக ஆசிரியராக இருந்தபோது புகுமுக வகுப்பில், அதாவது தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள் படிவம் 1க்கு முன் ஓராண்டு படிக்கும் வகுப்பில், ஒரு மாணவன் இருந்தான். சிற்றுண்டிச் சாலையில் பெரிய பையன்கள் தினமும் அவன் காசைப் பிடுங்கிக்கொண்டு அடித்தார்கள். அப்பாவிடம் சொன்னான். "நீ ஒழுங்காக இருந்தால் எவன் உன்னிடம் வருவான்?" என்றார் அவர். படிவம் 5 மாணவன் ஒருவன் பஸ் நிறுத்தத்தில் இவன் பக்கத்தில் வந்து நின்றான். அதன்பிறகு யாரும் இவனைத் தொடவில்லை. கொஞ்ச நாளில் அந்தப் பெரியவன் ஒரு பொட்டலத்தை இவன் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னான். மறுத்திருக்கலாமே என்று இவனிடம் கேட்டேன். "சார், என்னை யார் அடித்தது என்று அவர் மட்டும்தான் கேட்டார்" என்றான்.

2013இல் மலேசிய உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர்கள் என்றது. உடனே, நம் இரத்தமே அப்படி என்று நம்மவர்களே பேசினார்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. 04, 08 எல்லாம் சீன இரகசியச் சங்கங்களின் வழி வந்த எண்கள். நம் பையன்கள் பின்னால் போய்ச் சேர்ந்தவர்கள். ஏன் சேர்ந்தார்கள்? நம்மவர்கள் வேலை பார்த்த தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடும் போனது, கோயிலும் போனது, எதிர் வீட்டு மாமாவும் போனார். தோட்டத்தில் ஒரு பையன் தவறினால் பத்துப் பேர் அதட்டுவார்கள். மலிவு விலை அடுக்குமாடியில் பெற்றோர் இருவரும் வேலைக்குப் போன பிறகு படிக்கட்டில் இருப்பது அந்த அண்ணன் மட்டும்தான்.

அதனால், சேர்ந்துவிட்டானா என்று துருவாதீர்கள். உன்னை யார் அடிக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். இன்று கைநீட்ட வேண்டாம் என்று அவன் அப்பாவிடம் சொல்லுங்கள். பள்ளிக்கு நேரில் போய் ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள்; பள்ளி முடிந்ததும் வீட்டுக்கு அழைத்துவர மாமாவையோ சித்தப்பாவையோ அனுப்புங்கள். ஏதாவது பொட்டலம் கைமாறியிருந்தால் தாமதிக்காமல் ஒரு வழக்கறிஞரிடம் போங்கள். சட்டவிரோதக் கும்பலில் உறுப்பினராக இருப்பதே இங்கே குற்றம். படிப்பு ஏறவில்லை என்கிற பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுத்தரும் மைஸ்கில்ஸ் அறவாரியம் போன்ற இடங்கள் இருக்கின்றன. உங்கள் மகனுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன். அவன் இன்னும் வீட்டு நோட்டில்தான் எழுதுகிறான்.