மரியானாவுக்கு மூன்று பூக்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

1992 ஜனவரியில் நான் மாஸ்கோவில் மருத்துவ மாணவன். அந்த மாதம் 2-ஆம் தேதி அரசு பெரும்பாலான பொருட்களின் விலைக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டது. ரொட்டிக் கடை வரிசையில் நிற்பவர்களுக்கு, தங்கள் முறை வரும்போது கையில் இருக்கும் பணம் போதுமா என்ற கவலை. எங்கள் விடுதி வாசலில் அறைச் சாவிகளைக் காத்துக்கொண்டு ஒரு மூதாட்டி உட்கார்ந்திருப்பார். பாபுஷ்கா, அதாவது பாட்டி என்றுதான் அவரை அழைப்போம். அவருடைய மேஜையில் சிறிய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று. அதில் 'பணக்காரர்களும் அழுகிறார்கள்' என்ற மெக்சிகோ தொடர். அடியில் ஸ்பானிய வசனம் மெல்லக் கேட்கும்; அதன் மேல் ரஷ்யக் குரல் பேசும். தொடர் முடியும்வரை யாருக்கும் சாவி கிடையாது.

அந்தத் தொடரின் நாயகி வெரோனிகா காஸ்த்ரோ. அன்று தொடங்கிய பற்று எனக்கு இன்றும் குறையவில்லை.

1952-இல் மெக்சிகோ நகரில் பிறந்தவர். தாயின் உழைப்பில் வளர்ந்த குடும்பம். புகைப்படக் கதைப் புத்தகங்களில் நடித்தார், மேடைக்குப் போனார், 1970-இல் ஒரு நாளிதழ் நடத்திய முக அழகுப் போட்டியில் வென்றார். அதோடு, மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகளும் படித்தார். 1979-இல் டெலிவிசா என்ற மெக்சிகோ தொலைக்காட்சி நிறுவனத்தில் வாலெந்தின் பிம்ஸ்தைன் தயாரித்த இந்தத் தொடரில் மரியானா வேடம் கிடைத்தது. தகப்பனை இழந்த ஏழைப் பெண், பணக்கார வீட்டில் அடைக்கலம், அந்த வீட்டு மகனோடு காதல். இப்படிப்பட்ட கதையை நீங்களும் பார்த்திருப்பீர்கள், அதனால் விரிக்கவில்லை.

அழுகைத் தொடர்தானே என்று சிலர் ஒதுக்கிவிடுவார்கள். அழுவது எவ்வளவு கடினமான வேலை என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. மெக்சிகோத் தொடர்களில் நடிகர்கள் காதுக்குள் ஒரு சிறு கருவி வைத்துக்கொள்வது பழைய வழக்கம். அப்புந்தடோர் என்று பெயர். வேறோர் இடத்தில் ஒருவர் அமர்ந்து வசனத்தை அடியடியாகப் படிப்பார். எழுந்திரு, திரும்பு என்றும் சொல்வார். ஒரு நாளில் பல காட்சிகள் எடுக்க வேண்டும், மனப்பாடம் செய்ய நேரம் கிடையாது. வீட்டில் யாராவது உங்கள் காதோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்க, அதே நேரத்தில் எதிரே இருப்பவரிடம் மனம் விட்டு அழுது பாருங்கள். அப்போது தெரியும். காதில் வேறொருவர் குரல், கண்ணில் தன்னுடைய கண்ணீர். இரண்டும் ஒரே முகத்தில் கூட வேண்டும்.

அப்படி வந்ததுதான் அந்தக் காட்சி. கணவன் சந்தேகப்பட்டதால் வீட்டை விட்டுப் போன மரியானா, பிள்ளை பெற்று, சித்தம் கலங்கிய நிலையில், லாட்டரிச் சீட்டு விற்கும் ஒரு பெண்ணிடம் குழந்தையைக் கொடுத்துவிடுகிறாள். நான் வகுப்பு முடிந்து வந்து, பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டு நின்றேன். பாட்டி திரும்பிப் பார்க்கவில்லை. என் சாவி அவர் கைக்குள் இருந்தது. காட்சி முடிந்து கையை விரித்தபோது, சாவியின் பற்கள் அவர் உள்ளங்கையில் பதிந்து சிவந்திருந்தன. "சினோக், அவள் என்ன செய்துவிட்டாள் பார்த்தாயா?" என்றார். சினோக் என்றால் தம்பி, மகனே என்று வாஞ்சையாக அழைப்பது. அதன் பிறகு மரியானா அந்தப் பிள்ளையைத் தேடிய நாட்களெல்லாம், நான் கதவைத் திறந்ததும் பாட்டி சொல்லும் முதல் வார்த்தை, "இன்னும் கிடைக்கவில்லை" என்பதுதான்.

அதே 1992-இல் வெரோனிகா காஸ்த்ரோ மாஸ்கோ வந்தார். பாட்டி மூன்று கார்னேஷன் பூக்கள் வாங்கிக்கொண்டு போனார். அங்கே பூக்களை ஒற்றைப்படையில்தான் கொடுப்பார்கள், இரட்டைப்படை இறந்தவர்களுக்கு. கூட்டத்தில் நெருங்க முடியவில்லை. பூக்களைத் திருப்பிக் கொண்டுவந்து, தேநீர்க் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றித் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் வைத்தார். வாடும்வரை யாரையும் தொட விடவில்லை.

இரண்டு நிமிடம்தான் என்று ஒலிப்பதிவாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார். இன்னும் நிறைய வைத்திருந்தேன். காணாமல்போன மகன் பேத்தோவாக வளர்ந்து வருபவர் கியெர்மோ கப்பெத்தியோ. 1987-இல் 'ரோசா சால்வாஹே' என்ற தொடரில் அதே நடிகர் வெரோனிகாவுக்குக் காதலனாக வந்தார்! சேரிப் பகுதியில் பையன்களோடு கோலி விளையாடும் முரட்டுப் பெண்ணாக முப்பத்தைந்து வயதில் நடித்தார், நாம் நம்பினோம். நகைச்சுவை நடிகர் மனுவேல் வால்தேஸுக்கும் இவருக்கும் 1974-இல் பிறந்த மகன் கிறிஸ்தியான் இன்று பெயர்பெற்ற பாடகர். வெரோனிகா இரவு நேர நேர்காணல் நிகழ்ச்சிகளும் நடத்தினார். 2004-இல் ஒரு நிகழ்ச்சியில் யானை மீதிருந்து விழுந்து காயப்பட்டார். 2018-இல் 'பூக்களின் வீடு' தொடரில், பூக்கடை வைத்திருக்கும் குடும்பத்தின் தாயாக வந்தார். அதைப் பார்த்தபோது எனக்குப் பாட்டியின் தேநீர்க் குவளைதான் நினைவுக்கு வந்தது.

மரியானாவின் தொடர் தொடங்கும்போது வரும் பாடலையும் வெரோனிகாவே பாடினார். 'அழக் கற்றுக்கொண்டேன்' என்று பொருள். நிலையத்தில் அது இருந்தால் ஓரிரு வரியாவது ஒலிபரப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.