ஆனை இன்னும் படுக்கவில்லை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் பெரியோரே, வணக்கம்.

வயதான ஜாஸ் கலைஞரின் மேடைப் பதிவை ரசிகர்கள் கொண்டாடுவது இசைக்காகவா, அனுதாபத்துக்காகவா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர் அனுதாபமே என்று அடித்துப் பேசிவிட்டு, கடைசியில் ஒரு பழமொழியையும் வீசிவிட்டுப் போனார்: ஆனை படுத்தாலும் குதிரை மட்டம். ரசிகர்கள் எல்லாரும் அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறார்களாம். நான் கேட்பது ஒன்றுதான். ஆனை படுத்துவிட்டது என்று உங்களுக்கு யார் சொன்னது?

அவர் எடுத்துக்கொண்ட இசைத்தட்டையே நானும் எடுத்துக்கொள்கிறேன். டெனர் சாக்ஸபோன் கலைஞர் சன்னி ரோலின்ஸ். நாள், 2001 செப்டம்பர் 15. இடம், பாஸ்டன் நகரில் பெர்க்லி அரங்கம். அன்றைக்கு அவருக்கு 71 வயது நிறைந்து எட்டு நாள். நான்கு நாள் முன்புதான் நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. அவருடைய வீடு அங்கிருந்து சில தெருக்கள் தள்ளித்தான் இருந்தது. காலி செய்யச் சொன்னபோது சாக்ஸபோனை மட்டும் தூக்கிக்கொண்டு படிக்கட்டு வழியே இறங்கியவர். பாஸ்டனுக்குப் போக அவருக்கு மனமில்லை. மனைவி லூசில்தான் போயே ஆகவேண்டும் என்று அனுப்பி வைத்தார். அந்தக் கச்சேரி 2005-இல் 'வித்தவுட் எ சாங்' என்ற பெயரில் வெளிவந்தது.

இந்தக் கதையை நண்பர் உருக்கமாகச் சொன்னார். நானே ஒரு கட்டத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் நடுவர் அவர்களே, அத்தனை நேரப் பேச்சில் சாக்ஸபோன் ஒரு தடவையாவது ஒலித்ததா? புகை வந்தது, படிக்கட்டு வந்தது, மனைவி வந்தார். வாசித்த மனிதர் என்ன வாசித்தார் என்று மட்டும் வரவில்லை. இரக்கப்பட்டுக் கேட்பது ரசிகர்களா, இல்லை நண்பரா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

சரி, வாசிப்புக்கு வருவோம். தட்டின் தலைப்பாக இருக்கும் 'வித்தவுட் எ சாங்' பாட்டை அவர் முதல்முறையாக அன்றைக்கு வாசிக்கவில்லை. 1962-இல் வந்த 'தி பிரிட்ஜ்' தொகுப்பில் முதல் பாட்டே அதுதான். அந்தத் தொகுப்பின் வரலாறு இங்கே பலருக்குத் தெரியும். 1959-இல், புகழின் உச்சியில் இருக்கும்போதே, என் வாசிப்பு எனக்கே போதவில்லை என்று மேடையை விட்டு விலகி, நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் நின்று இரண்டு வருடம் தனியாகச் சாதகம் செய்த மனிதர் அவர். திரும்பி வந்து போட்ட தட்டு 'தி பிரிட்ஜ்'.

அதில் பேஸ் என்ற தாழ்ந்த சுருதித் தந்தி வாத்தியத்தை வாசித்தவர் பாப் கிரான்ஷா. 2001-இல் பாஸ்டன் மேடையில் பேஸ் வாசித்தவரும் அதே பாப் கிரான்ஷா. ஒரே பாட்டு, ஒரே இரண்டு பேர், நடுவில் 39 வருடம். இளமையில் வாசித்ததும் முதுமையில் வாசித்ததும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது. இதைவிட நல்ல சாட்சி எந்த வழக்கில் கிடைக்கும்?

முதலாவது ஏழரை நிமிடம். கச்சிதமானது. ஜிம் ஹால் கிதாரோடு சேர்ந்து, ஒரு சுரம்கூட அதிகமில்லாமல் செதுக்கிய வாசிப்பு. இரண்டாவது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் நீளம். கிழவர் வழவழவென்று பேசுகிறார் என்பார் நண்பர். இல்லை ஐயா. தெரிந்த மெட்டில் ஒரு துண்டைக் கிள்ளி எடுத்து, அதைப் புரட்டி, நீட்டி, உடைத்து, உடைந்ததிலிருந்து இன்னொன்றைக் கட்டுவது ரோலின்ஸின் பழைய வித்தை. 1956-இல் அவர் பதிவுசெய்த 'புளூ செவன்' பாட்டில் அந்த வித்தையைக் கண்டு, இசை ஆய்வாளர் குந்தர் ஷுல்லர் தனிக் கட்டுரையே எழுதினார். 71 வயதில் அந்த வித்தை போகவில்லை. வேகத்தையும் கச்சிதத்தையும் காட்ட வேண்டிய அவசியம்தான் போய்விட்டது. அதனால் ஒரு துண்டை விடாமல் பிடித்துக்கொண்டு, அது எங்கே கூட்டிப் போகிறதோ அங்கே போய்ப் பார்க்கிறார். 31 வயதுக்காரருக்கு இந்தப் பொறுமை வராது. எனக்கு இரண்டில் எது பிடிக்கும் என்றால், காலையில் முதலாவது, ராத்திரியில் இரண்டாவது.

இப்போது ரசிகர்களின் கருத்துக்கு வருகிறேன். என் வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

இந்தத் தட்டைக் கேட்டவர்கள் என்ன சொல்கிறார்கள்? கூட வாசிப்பவர்கள் இவருக்கு ஈடாகவில்லை என்கிறார்கள். கிரான்ஷா பழைய மர பேஸை விட்டு மின்சார பேஸுக்கு மாறியதே பிடிக்கவில்லை என்கிறார்கள். டிராம்போன் என்ற பித்தளை ஊதுகருவியின் வாசிப்பு நீள்கிறது என்கிறார்கள். ஸ்டுடியோவின் துல்லியம் ஒலியில் இல்லை என்கிறார்கள். அது உண்மைதான், அவையில் உட்கார்ந்திருந்த ஒரு ரசிகர் பதிந்தது அது. டிராம்போன் பற்றிய புகாரும் எனக்கு உடன்பாடே. வாசிப்பவர் கிளிஃப்டன் ஆண்டர்சன், ரோலின்ஸின் சொந்த மருமகன், அதாவது சகோதரியின் மகன். அந்த இடங்களில் என் மனமும் கொஞ்சம் வெளியே போய்விட்டு வந்ததுண்டு.

நடுவர் அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அனுதாபம் இப்படியா பேசும்? துக்க வீட்டுக்குப் போனவர் காப்பியில் சர்க்கரை குறைவு என்று சொல்வாரா? அனுதாபப்படுகிறவருக்கு எல்லாமே நன்றாக இருக்கும். மருமகன் வாசித்தாலும் நன்றாக இருக்கும், மைக் இரைந்தாலும் நன்றாக இருக்கும். இவர்களோ குழுவைத் திட்டுகிறார்கள், ஒலியைத் திட்டுகிறார்கள், அப்புறம் சாக்ஸபோன் வரும் இடத்துக்கு மட்டும் திரும்பத் திரும்பப் போகிறார்கள். அது காதுள்ளவர் செய்கிற வேலை.

விருது பற்றி ஒரு வார்த்தை. இந்தத் தட்டிலுள்ள 'வொய் வாஸ் ஐ பார்ன்' வாசிப்புக்கு 2006-இல் கிராமி விருது கிடைத்தது. அது ஆறுதல் பரிசு என்றார் நண்பர். விட்டுத்தள்ளுங்கள், விருது கொடுத்தவர்களின் மனதுக்குள் நானும் போய்ப் பார்க்கவில்லை, அவரும் போய்ப் பார்க்கவில்லை.

இன்னொரு மேடை, 2010 செப்டம்பர், நியூயார்க்கின் பீக்கன் அரங்கம். ரோலின்ஸின் 80-ஆவது பிறந்தநாள் கச்சேரி. நடுவில், முன்னறிவிப்பு இல்லாமல் இன்னொரு சாக்ஸபோன் கலைஞரான ஆர்னெட் கோல்மன் மேடையேறுகிறார். அவருக்கும் 80 வயது. 'சன்னிமூன் ஃபார் டூ' என்ற ரோலின்ஸின் பழைய பாட்டை இருவரும் வாசிக்கிறார்கள். கோல்மனோ சுருதிக்கும் கட்டுக்கும் தனி நியாயம் வைத்திருந்தவர். இரண்டு பேரும் அசைந்து கொடுக்காமல் அவரவர் வழியில் வாசிக்க, பாட்டு இருபது நிமிடத்தைத் தாண்டிவிடுகிறது. இதே பதிவைத்தான் நண்பர் சற்றுமுன் 'கந்தரகோளம்' என்றார். நன்றி ஐயா! இரண்டு எண்பது வயதுக்காரர்களை இப்படிப் போட்டுத் தாக்குகிறீர்களே, உங்கள் அனுதாபம் எங்கே போயிற்று? மனிதர்களை மறந்து வாசிப்பைக் கேட்டீர்கள், பிடிக்கவில்லை, சொல்லிவிட்டீர்கள். நாங்களும் அதையேதான் செய்தோம். எங்களுக்குப் பிடித்திருந்தது.

கதை தெரிந்துவிட்டால் காது பாரபட்சமாகத்தான் கேட்கும் என்று ஒரு வாதம் வைத்தார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் முதல் ஐந்து நிமிடத்துக்குத்தான் அந்தப் பாரபட்சம் தாங்கும். கைதட்டலைக் கதை வாங்கித் தரும். பதினைந்தாவது நிமிடத்திலும் ஒருவரை நாற்காலி நுனியில் உட்கார வைக்க வாசிப்பால்தான் முடியும். பத்து வருடம் கழித்து அதே தட்டை மறுபடியும் எடுத்துப் போட வைப்பதும் வாசிப்புதான்.

அன்று மேடையில் ரோலின்ஸ் பேசினார், தட்டிலும் அது இருக்கிறது. ஒருவேளை இசை உதவலாம், எனக்குத் தெரியாது, ஆனால் ஏதாவது முயன்று பார்க்கத்தானே வேண்டும் என்கிற மாதிரி. வீடு, புகை, படிக்கட்டு என்று சொல்லி அவையை அழவைக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. சுருக்கமாகச் சொல்லிவிட்டு வாசிக்கப் போய்விட்டார்.

மணி அடிக்கிறார்கள், முடித்துவிடுகிறேன். மேடை ஏறும் முன் எதிரணி நண்பர் என்னிடம் ஒன்று சொன்னார்: பட்டிமன்றத்துக்காக இந்தத் தட்டை எட்டு தடவை கேட்டாராம். தயாரிப்புக்கு மூன்று தடவை போதுமே என்றேன். சிரித்தாரே தவிர, பதில் சொல்லவில்லை. மிச்சம் ஐந்து தடவை எதற்குக் கேட்டார் என்று நடுவர் அவர்களே அவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.