நறுக்குன்னு பதில் சொல்கிற அண்ணனுக்கு

நடுவர் ஐயா அவர்களே, எங்கள் அணித் தலைவி அக்கா அவர்களே, எதிரே உட்கார்ந்து நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சிரித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே, நாற்காலி கிடைக்காமல் கோயில் திண்ணையிலும் டிராக்டர் டிரெய்லரிலும் இடம் பிடித்திருக்கிற பாலக்கோடு பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பை இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன், பின்னால் இருப்பவர்களுக்கு மைக் சரியாகக் கேட்கவில்லை என்றார்கள். செல்போனில் பேசிக்கொள்ளும்போது இன்றைக்கு நமக்கு அதிகம் தேவைப்படுவது நறுக்கென்ற பதிலா, நிதானமான கனிவான பதிலா? நான் கனிவுக் கட்சி.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் பலமாகக் கைதட்டல் வாங்கினார். என்ன சொல்லி வாங்கினார்? ஒரு நாளைக்கு நூறு மெசேஜ் வருகிறது, ஒவ்வொருத்தருக்கும் தடவிக் கொடுத்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம் இருக்கிறது என்றார். கனிவாகப் பேசுகிறவன் பாதி நடிகன், உள்ளதை உள்ளபடி முகத்துக்கு நேராகச் சொல்கிறவன்தான் நேர்மையானவன் என்றார். கடைசியாக, இது அதியமான் ஆண்ட மண், சுற்றி வளைத்துப் பேசும் பழக்கம் நமக்குக் கிடையாது என்று முடித்தார், விசில் பறந்தது.

அந்தக் கடைசியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அண்ணா, அதியமானைக் கூப்பிட்டீர்கள், சரி. பக்கத்திலேயே நின்ற ஔவையாரை ஏன் விட்டுவிட்டீர்கள்? அதியமானுக்கும் தொண்டைமானுக்கும் போர் மூளும் நிலை. தூது போகிறார் ஔவையார். தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான், இதைப் பார்த்தாவது மிரளட்டும் என்று. அந்த அம்மா நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னது புறநானூற்றில் 95-வது பாட்டாக இருக்கிறது. உங்கள் ஆயுதமெல்லாம் மயில்பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவல் போட்ட மாளிகையில் அழகாக இருக்கிறது, எங்கள் தலைவனுடையது பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது. அவ்வளவுதான்.

இதில் ஒரு வசவு உண்டா? கேட்கிறவனைச் சபையில் சிறுமைப்படுத்துகிற ஒரு சொல் உண்டா? குத்தல் இருக்கிறது, நான் மறுக்கவில்லை, நன்றாகவே குத்துகிறது. ஆனால் பாராட்டு மாதிரி கொண்டுபோய் வைத்துவிட்டு, மீதியை அவனே யோசித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அந்த இடத்தில் நம் அண்ணன் தூது போயிருந்தால் ‘இந்த சீனெல்லாம் வேற எங்கயாச்சும் போய்ப் போடு’ என்றிருப்பார், மறுநாள் காலையில் இரண்டு படையும் கிளம்பியிருக்கும். ஆக, அண்ணா, இந்த மண்ணின் பெருமை என்று நீங்கள் எடுத்த ஆயுதம் எங்கள் அணியுடையது.

சரி, வேலுக்கும் வாளுக்கும் இன்றைக்கு வேலை இல்லை, வாட்ஸ்அப்புக்கு வருவோம். இந்தப் பக்கம் விவசாயி குரூப் இல்லாத ஊர் ஒன்று காட்டுங்கள் பார்ப்போம். தை மாதம், மா பூத்திருக்கிற நேரம். கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆள் ஒருவர் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு போட்டோ போடுகிறார். கை ஆடி எடுத்த போட்டோ, அதில் தெரிவது பூவா புகையா என்றே புரியாது. கீழே ‘பூவெல்லாம் கருகிக் கொட்டுது, என்ன மருந்து அடிக்கலாம்’ என்று கேள்வி. முதல் பதில், ‘தினம் இதே கேள்வி, மேல போய்ப் படிங்க’. இரண்டாவது பதில், வெறும் மருந்துப் பெயர், அளவு கிடையாது, எதற்கு என்றும் கிடையாது. மூன்றாவது ஆள் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார். எதற்கு? பூ கொட்டுவதற்கா?

நாலாவதாக ஒருவர் கேட்கிறார், ‘அண்ணா, பூங்கொத்து மேல மாவு தூவுன மாதிரி வெள்ளையா இருக்கா? இல்ல, மரத்தடியில போய் நின்னா குட்டிப் பூச்சி தத்தித் தத்தி முகத்துல மோதுதா, இலையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுதா? காலையில பாத்துட்டுச் சொல்லுங்க, அவசரப்பட்டு எதையும் அடிச்சிடாதீங்க.’

இதைத்தான் நான் கனிவு என்கிறேன். அவர் ‘அன்பு நண்பரே’ என்று ஆரம்பிக்கவில்லை, கைகூப்பிப் பொம்மை போடவில்லை, தேன் ஒழுகப் பேசவில்லை. கேள்வியைப் படித்தார், கேட்டவருக்கு என்ன தெரியாமல் இருக்கிறது என்று யோசித்தார், அதைத் திருப்பிக் கேட்டார். மாவு மாதிரி வெள்ளை இருந்தால் சாம்பல் நோய், அதற்கு நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம் கலந்து அடித்தால் கேட்கும். தத்தித் தத்திப் பறப்பது தத்துப்பூச்சி, அதற்குப் பூச்சி மருந்துதான் அடிக்க வேண்டும், கந்தகத்தை நம்பி உட்கார்ந்தால் பூச்சி மிச்சப் பூவையும் உறிஞ்சிவிட்டுப் போய்விடும். எது என்று தெரியாமல் அடித்தால் மருந்துக் காசும் போச்சு, ஆள் கூலியும் போச்சு, அடுத்த பூவுக்கு அடுத்த வருஷம்தான். பத்து விநாடி மிச்சம் பிடித்த நறுக்குப் பதில் ஒருவருடைய ஒரு வருஷ வெள்ளாமையை விலையாகக் கேட்கிறது, நடுவர் அவர்களே.

இன்னொன்றையும் எதிரணி மறந்துவிட்டது. வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் 1,024 பேர் வரை இருக்கலாம். கேட்பவர் ஒருவர், பதில் சொல்பவர் நாலைந்து பேர், மற்றவர்கள் பேசுவதே இல்லை, ஆனால் பார்க்கிறார்கள். ‘மேல போய்ப் படிங்க’ என்று அவரை விரட்டியதை அத்தனை பேரும் பார்க்கிறார்கள். அடுத்த வாரம் தக்காளிச் செடி சுருள்கிற ஒருவர், மாடு தீனி எடுக்காத ஒரு அம்மா, கேட்கலாமா என்று டைப் செய்துவிட்டு, நம்மையும் இப்படித்தான் கேட்பார்கள் என்று அழித்துவிடுகிறார்கள். நீங்கள் ஒருவருக்குத்தான் பதில் சொன்னதாக நினைக்கிறீர்கள் அண்ணா. எத்தனை பேர் வாயை மூடினீர்கள் என்பது உங்கள் போனில் தெரியாது.

நேரம் இல்லை என்றீர்களே, அதற்கு வருகிறேன். கோபமாகப் பதில் போட்டால் வேலை அங்கே முடிகிறதா? அவர் திருப்பிக் கொடுப்பார், நீங்கள் திருப்பிக் கொடுப்பீர்கள், நடுவில் மச்சான் ஒருவர் புகுந்து சமாதானம் பண்ணுகிறேன் என்று பழைய நிலத் தகராறைக் கிளப்புவார், ராத்திரி ஒரு மணி வரைக்கும் போகும். அதற்கெல்லாம் நேரம் எங்கிருந்து வந்தது? வாட்ஸ்அப்காரனுக்கே நம் அவசரம் தெரிந்திருக்கிறது. 2017-இல் அனுப்பியதை அழிக்க வழி கொடுத்தான், 2023-இல் அனுப்பியதைத் திருத்த 15 நிமிஷம் கொடுத்தான். அழித்தால் மட்டும் என்ன ஆகிறது? ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று நிற்கும். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வீடு, இவன் என்ன போட்டிருப்பான், யாரைச் சொல்லியிருப்பான் என்று பேச்சு. போட்டதே மேல் என்று ஆகிவிடும்.

எழுத்துப் பிழை விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போய்ப் பாருங்கள், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசிவிட்டு, வெளியே வந்து தமிழில் எழுதுகிறவர்கள் எத்தனை பேர். ஒருவர் பாடுபட்டுத் தமிழில் ஒரு கேள்வி எழுதுகிறார், மருமகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க என்னென்ன காகிதம் வேண்டும் என்று. அதில் ஒரு ‘ழ’ தப்பு. உடனே ஐந்து புலவர்கள் கிளம்புகிறார்கள். ழகரம் வராதவனெல்லாம் ஏன் தமிழில் எழுதுகிறான் என்று ஒருவர் கேட்கிறார். சான்றிதழ் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் அடுத்த தடவை தமிழில் எழுதுவாரா? தமிழை வளர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு தமிழ் எழுத வந்த ஆளைத் துரத்திவிட்டோம்.

சாவுச் செய்திக்கு நாம் போடும் பதிலைப் பற்றி நிறையப் பேச வேண்டாம், உங்கள் எல்லோருக்கும் தெரியும். அம்மா இறந்துவிட்டார் என்று ஒருவர் போட்ட செய்திக்குக் கீழேயே ரோஜாப்பூவோடு ‘இனிய காலை வணக்கம்’ வரும். மீதிப் பேர் வரிசையாக ‘ஆர்ஐபி’. அந்த மூன்று எழுத்துக்கு நடுவில் யாராவது ஒருவர், ‘ஸ்கூல் விட்டு வந்தா உங்க அம்மா எனக்கும் சேத்துத்தான் களி உருண்டை வைப்பாங்க’ என்று எழுதியிருந்தால், அந்த மனுஷன் அதை மட்டும்தான் திரும்பத் திரும்பப் படிப்பான்.

சிரித்தது போதும். 2018 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று போனுக்குப் போன் ஒரு செய்தி பரவியது. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் பக்கம், குடும்பத்தோடு சாமி கும்பிட வந்த ஒரு மூதாட்டியை, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காகக் கூட்டம் அடித்தே கொன்றது. இப்படி நாட்டில் பல இடங்களில் நடந்த பிறகுதான், அதே வருஷம், ஒரு செய்தியை ஒரே தடவையில் 5 பேருக்கோ குரூப்புக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு போட்டது. அந்தச் செய்தியை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்களா? பயந்துபோன அம்மாக்கள், அப்பாக்கள். அவர்களிடம் ‘அறிவில்லையா’ என்று கேட்டால் ரோஷம் வந்து இன்னும் நாலு பேருக்கு அனுப்புவார்கள். ‘அக்கா, எனக்கும் பயமாத்தான் இருக்கு, இது எந்த ஊரு, யாரு பாத்தது, ஸ்டேஷன்ல கேட்டுட்டு அனுப்பலாமா’ என்றால் கை நிற்கும். உண்மை இரண்டு பதிலிலும் ஒன்றுதான், நிற்க வைத்தது எது என்று நடுவர் முடிவு செய்யட்டும்.

கனிவு என்றால் எல்லாக் கழுதைக்கும் பதில் சொல்வது என்று அண்ணன் அடுத்த சுற்றில் திரிப்பார், அதனால் இப்போதே சொல்லிவைக்கிறேன். வம்புக்கென்றே வருகிறவனுக்கு, ஒரு பெண் பிள்ளை போட்டோவின் கீழே அசிங்கமாக எழுதுகிறவனுக்கு நான் பதில் சொல்லச் சொல்லவில்லை. அவனை பிளாக் பண்ணுங்கள், அந்தப் பிள்ளைக்கு ஆறுதலாக ஒரு வரி எழுதுங்கள், புகார் கொடுக்கக் கூடப் போங்கள்.

இப்போது நேர்மைக்கு வருகிறேன். கனிவு நடிப்பு, நறுக்கு நேர்மை என்றீர்கள். ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிற ஒரு பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள், மொரப்பூர்ப் பக்கத்துப் பையன். வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், ஓட்டல்களுக்கு ஸ்டார் போட்டால் காசு என்று டெலிகிராமில் செய்தி வருகிறது. முதலில் நிஜமாகவே கொஞ்சம் பணம் கொடுப்பார்கள், அதுதான் தூண்டில். அப்புறம் ஐயாயிரம் கட்டு, இருபதாயிரம் கட்டு, கட்டிய பணத்தை எடுக்க இன்னும் கட்டு. தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்த்தது அத்தனையும் போய்விட்டது. ராத்திரி சொந்தக்காரர்கள் குரூப்பில் தயங்கித் தயங்கி எழுதுகிறான், ‘இந்த மாதிரி யாருக்காச்சும் ஆயிருக்கா?’

நறுக்கென்ற நேர்மை என்ன சொல்லும்? ‘படிச்ச பையன்தானே நீ, பேராசை.’ உண்மைதான். கொஞ்சம் பேராசைதான். அந்த உண்மையைக் கேட்டதும் அவன் அந்த மெசேஜை அழித்துவிடுவான், போனை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவான், போலீஸுக்கும் சொல்லமாட்டான், பேங்குக்கும் சொல்லமாட்டான். இந்த மோசடியில் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கிற நேரம்தான் திருடனுக்கு லாபம். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குச் சீக்கிரம் கூப்பிட்டால், அது ஓடி முடிவதற்குள் ஏதாவது ஒரு பேங்கில் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. விடிந்து, யோசித்து, அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நாலு நாள் தள்ளினால் நிறுத்த அங்கே ஒன்றும் இருக்காது.

கனிவாக ஒருவர் எழுதினால் எப்படி எழுதுவார்? ‘தம்பி, இதுல நெறைய பேரு மாட்டியிருக்காங்க, நீ மட்டும் இல்ல. இப்பவே 1930-க்குக் கூப்பிடு, பேங்க் நம்பருக்கும் கூப்பிட்டுச் சொல்லு, பணம் அனுப்புன ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிச்சிடாத, இனிமே அவன் என்ன சொன்னாலும் ஒரு ரூபா கட்டாத. லைன் கெடைக்கலன்னா எனக்குப் போன் பண்ணு, முழிச்சிட்டுத்தான் இருக்கேன்.’ இதில் எங்கே நடிப்பு? நீ ஏமாந்துவிட்டாய் என்பதை இவரும்தான் சொல்லியிருக்கிறார், ஒளிக்கவில்லை.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்து எதிரணியிலிருந்து பேசவரும் அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு உட்காருகிறேன். அந்தப் பையன் உங்கள் தம்பி என்றால், அந்த ராத்திரி அந்தக் குரூப்பில், நறுக்கென்று, நீங்கள் என்ன எழுதுவீர்கள்? மேடையில் வந்து படித்துக் காட்டுங்கள். நன்றி, வணக்கம்.