பெட்டி போச்சா, வயர் போச்சா?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் காரைக்குடியில் லாரி வயரிங் வேலை பார்க்கிறவன். கையில் டெஸ்டர் இருந்தால் பேச்சு வரும், மைக் இருந்தால் கொஞ்சம் திக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு லாரி இன்ஜினை ஓட்டும் கம்ப்யூட்டர் பெட்டியைப் பற்றிப் பேசுகிறேன்.

நான் தொழில் பழகிய காலத்தில் டீசல் இன்ஜினுக்கும் கரண்டுக்கும் பெரிய ஒட்டுறவு கிடையாது. செல்ஃப் அடிக்க பேட்டரி வேண்டும், லைட் எரிய பேட்டரி வேண்டும், அவ்வளவுதான். ஓடத் தொடங்கிய லாரி பேட்டரி செத்தாலும் ஊர் போய்ச் சேரும். 2010-ல் நாடு முழுக்க பிஎஸ் 3 என்ற புகைக் கட்டுப்பாடு வந்ததை ஒட்டி, எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசலை அழுத்தி வைக்கும் காமன் ரெயில் இன்ஜின்கள் பெருகின. 2017 ஏப்ரலில் பிஎஸ் 4 வந்தபோது, கம்ப்யூட்டர் இல்லாத புது லாரியைத் தேடித்தான் பார்க்க வேண்டும் என்று ஆகிவிட்டது. ஈசிஎம் என்று நாங்கள் சொல்லும் அந்த அலுமினியப் பெட்டி, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களில் எது எப்போது எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று உத்தரவு போடுகிறது. ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் டீசல் காத்திருந்தாலும், பெட்டி வாய் திறக்காவிட்டால் ஒரு சொட்டு உள்ளே போகாது.

அன்றைக்குப் புதிதாக வந்த வண்டிகள் இன்றைக்குப் பழைய லாரிகள். பெட்டிகளுக்கும் வயதாகிவிட்டது. ஆனால் என் பட்டறைக்கு 'ஈசிஎம் போச்சு' என்று சொல்லி வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் பெட்டி நன்றாகத்தான் இருக்கும்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்த பாடம். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கிரானைட் லாரி வந்தது. திடீர் திடீரென்று ஆஃப் ஆகிறது. மீட்டர் வைத்துப் பார்த்தேன், பெட்டிக்கு 24 வோல்ட் வருகிறது. அப்புறம் என்ன, பெட்டிதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். முதலாளி சென்னைக்கு ஆள் அனுப்பி, புதுப்பேட்டையில் ஒரு செகண்ட்ஸ் பெட்டி வாங்கி வந்தார். மாட்டினோம். அதே கதை. இரண்டு நாள் தேடி, சேசிஸில் எர்த் போல்ட்டைக் கழற்றினால், லக்குக்கு, அதாவது வயர் முனையில் உள்ள வளையத்துக்கு, அடியில் பெயின்ட்! எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, வண்டியைக் கொண்டுபோகும் அவசரத்தில் போல்ட்டிலிருந்து லக்கைக் கழற்றி, சேசிஸுக்குப் பெயின்ட் அடித்து, அதன் மேலேயே திரும்ப முடுக்கியிருக்கிறார்கள். சுரண்டி இறுக்கினேன். வண்டி சரியாகிவிட்டது. முதலாளியின் முகத்தைப் பார்க்கத்தான் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அன்றிலிருந்து மீட்டரை மட்டும் நம்புவதில்லை. வயருக்குள் நூறு இழையில் ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 24 என்றுதான் காட்டும், ஏனென்றால் அது கரண்டை இழுப்பதே இல்லை. அதே வயரில் ஒரு இண்டிகேட்டர் பல்பை, 21 வாட் பல்பை, மாட்டிப் பாருங்கள். வயர் நோஞ்சான் என்றால் பல்பு மின்மினி மாதிரி எரியும்.

சரி, உண்மையாகவே போன பெட்டிக்கு வருகிறேன். ஆத்தங்குடியிலிருந்து டைல்ஸ் ஏற்றும் லாரி அது. காலையில் நன்றாகக் கிளம்பும். ஒரு மணி நேரம் ஓடிச் சூடேறியதும், திருமயம் பக்கம் போகும்போது நின்றுவிடும். அரை மணி நேரம் டீ குடித்துவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகும். சூட்டில் சாகிற வேலையை இன்ஜின் சுற்றுவதைப் பெட்டிக்குச் சொல்லும் ஃப்ளைவீல் சென்சாரும் செய்யும், அதனால் டிரைவர் முதலில் அதை மாற்றியிருந்தார். டீசல் ஃபில்டரும் மாற்றியாயிற்று. பலனில்லை.

பழைய அவமானம் மனதில் இருந்ததால் இந்த முறை எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். பெட்டியைத் தவிர. நானே கூட ஏறிப் போனேன். சொல்லி வைத்ததுபோல் நின்றது. சாவி போட்டால் செக் லைட் எரியவில்லை, ஸ்கேனர் மாட்டினால் பெட்டி பதிலே சொல்லவில்லை. பல்ப் வைத்துப் பார்த்தேன், கரண்டும் எர்த்தும் பளிச். சென்சார்களுக்குப் பெட்டி கொடுக்க வேண்டிய 5 வோல்ட் இல்லை. ஒரு சென்சார் ஷார்ட் ஆனாலும் அந்த 5 வோல்ட் மொத்தமாக விழும் என்பதால் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். எல்லாவற்றையும் கழற்றியும் வரவில்லை. டிரைவரின் துண்டை நனைத்து, கனெக்டரில் தண்ணீர் படாமல் பெட்டியின் முதுகில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் செக் லைட் எரிந்தது. "அண்ணே, காய்ச்சலுக்குப் பத்துப் போடற மாதிரில்ல இருக்கு" என்றார் டிரைவர். பெட்டிக்கு உள்ளே ஏதோ ஓர் இணைப்பு விட்டிருக்கிறது, சூட்டில் விரிந்து தொடர்பு அறுகிறது.

பெட்டியைப் பிரித்துப் பற்றவைக்கலாமே என்பார்கள். சில பழைய போர்டுகளில் முடியும். பல லாரிப் பெட்டிகளில் போர்டு முழுக்க பசை ஊற்றியிருக்கும், சிலவற்றில் உள்ளே பீங்கான் தகடும் முடியை விட மெல்லிய கம்பியும்தான். சால்டரிங் அயர்னுக்கு அங்கே வேலை இல்லை. மாற்றத்தான் வேண்டும்.

மாற்றுவதிலும் அவசரம் கூடாது. பெட்டி ஆறியிருக்கும்போதே அதில் உள்ள தகவல்களை ஸ்கேனரில் எடுத்து வைத்துவிட வேண்டும். இன்ஜெக்டருக்கு இன்ஜெக்டர் மயிரிழை வித்தியாசம் உண்டு. அதற்குத்தான் பல இன்ஜெக்டர்களின் தலையில் ஒரு எண் பொறித்திருக்கிறார்கள். அதைச் சிலிண்டர் வாரியாகப் புதுப் பெட்டிக்குச் சொல்லித் தர வேண்டும். சாவியை அடையாளம் பார்த்துத்தான் ஸ்டார்ட் ஆகிற வண்டியில் சாவியையும் அறிமுகப்படுத்த வேண்டும். பெட்டி பார்க்க ஒரே மாதிரி இருந்தால் போதாது, ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை பொருந்த வேண்டும். இவ்வளவும் தெரிந்த நான், மூன்றாம் சிலிண்டர் எண்ணை நான்காவதில் அடித்துவிட்டேன். இன்ஜின் ஐடிலிங்கில் நொண்டியது. "புதுப் பெட்டியும் இப்படியா" என்று முதலாளி தலையில் கை வைத்தார். இரண்டு எண்ணையும் இடம் மாற்றிய பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.

பெட்டி ஏன் போகிறது? பாடி வேலைக்குப் போன இடத்தில் பேட்டரி வயரைக் கழற்றாமல் வெல்டிங் வைப்பது ஒன்று. ஆயுத பூஜைக்குப் பளபளப்பாக்குகிறேன் என்று பிரஷர் பம்பை கனெக்டருக்கு நேராகப் பிடிப்பது இன்னொன்று. தண்ணீர் போன பின்னில் எப்போதும் கரண்ட் நிற்கிற பாசிட்டிவ் பின்தான் முதலில் பச்சை பூத்துக் கரையும். நம்ம ஊரிலேயே 1953 முதல் சிக்ரி இருக்கிறது, இரும்பும் செம்பும் ஏன் அரிக்கிறது என்று ஆராய்கிற நிறுவனம். அதன் வாசலைத் தாண்டித்தான் இந்த லாரிகள் பச்சை பூத்த பின்னோடு போகின்றன. அப்புறம், சாவியை அணைத்தவுடனே பேட்டரி கட்-ஆஃபைத் திருகாதீர்கள். பெட்டி தன் கணக்கை எழுதி முடிக்க ஒரு நிமிடம் கொடுங்கள். பெட்டியைத் தாங்கும் ரப்பர் புஷ் தேய்ந்தால் புதிது போடுங்கள், இன்ஜினின் அதிர்வு பெட்டிக்கு ஏறாமல் காப்பது அதுதான்.

அந்த டைல்ஸ் லாரியின் பழைய பெட்டி இன்னும் என் பட்டறை அலமாரியில் இருக்கிறது. இரண்டு பேர் விலைக்குக் கேட்டார்கள், ஒருவர் மாட்டியே பார்த்தார், உடனே ஸ்டார்ட் ஆனது. ஆறியிருக்கும்போது அது அருமையாக வேலை செய்யும். அதனால்தான் சிவப்புப் பெயின்ட்டில் குறுக்கே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். வணக்கம்.